சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

எங்கள் அலுவலக மென்பொருளில் புதிய ஊழியர் ஒருவரைச் சேர்க்கும்போது முதல் திரையிலேயே இரண்டு கட்டங்கள் வரும். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். ஒன்றைக் காலியாக விட்டாலும் அடுத்த திரைக்குப் போக விடாது. சம்பளம், வரிப் பிடித்தம், காப்பீடு, வங்கிக் கணக்கு, விமான டிக்கெட், ஈமெயில் முகவரி என எல்லாமே அந்த இரண்டு கட்டங்களில் எழுதியதை வைத்துத்தான் உருவாகும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, பல நாடுகளில் வேலை செய்பவர்களின் பதிவேடுகளைப் பராமரிப்பது என் வேலை. பார்ப்பவர்களுக்கு இது வெறும் டைப்பிங் வேலையாகத் தெரியும். எனக்கு உலக வரலாற்றில் பாதியைச் சொல்லிக்கொடுத்தது இந்த வேலைதான்.

அந்தக் கட்டங்களில் முதலில் மாட்டிக்கொண்டு நின்றது எங்கள் குழுவே. பயிற்சியின்போது மாதிரிக்கு அவரவர் பெயரையே ஏற்றச் சொன்னார்கள். விஜயவாடாவிலிருந்து வந்த தோழிக்கு வீட்டுப் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் அதற்குப் பின்னால் வரும். அப்படியானால் அவருக்கு லாஸ்ட் நேம் எது? கோட்டயத்துக்காரருக்கு அப்பா பெயரும் உண்டு, வீட்டுப் பெயரும் உண்டு. தமிழ்நாட்டுக்காரர்களான எங்களுக்கு ஒரு பெயர், ஓர் இனிஷியல், அவ்வளவுதான். இனிஷியலை விரித்து லாஸ்ட் நேம் கட்டத்தில் போட்டால், வெளிநாட்டிலிருந்து பேசும் மேலாளர் எங்கள் அப்பாக்களின் பெயரைச் சொல்லி எங்களுக்குக் காலை வணக்கம் சொல்வார். என் பக்கத்து இருக்கைப் பையனுக்கு அது கடைசிவரை பழகவே இல்லை. "அக்கா, அப்பா ரிட்டயராகி வீட்டில் இருக்கார், இவங்க தினமும் அவரைத்தான் மீட்டிங்குக்குக் கூப்பிடுறாங்க" என்பான்.

ஐஸ்லாந்து ஊழியர்களின் பதிவுகள் எங்களிடம் வந்தபோது சொந்த ஊர்க்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. அங்கேயும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஜோன் என்பவரின் மகன் 'ஜோன்சன்', மகள் 'ஜோன்ஸ்டோட்டிர்'. அண்ணனுக்கும் தங்கைக்கும் வெவ்வேறு பின்பெயர். அம்மாவுக்கு அவருடைய அப்பா பெயர், அப்பாவுக்கு அவருடைய அப்பா பெயர். நான்கு பேர் உள்ள வீட்டில் நான்கு பின்பெயர்கள் இருக்கலாம். அங்கே தொலைபேசிப் புத்தகத்தை அச்சிட்டபோது சொந்தப் பெயரின் அகரவரிசையில்தான் அச்சிட்டார்கள். 1980 முதல் 1996 வரை குடியரசுத் தலைவராக இருந்த விக்திஸ் ஃபின்போகடோட்டிரை நாடே விக்திஸ் என்றுதான் அழைத்தது. மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்கவில்லை, ஏனென்றால் அவர் பெயர் அதுதான். புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதை 1925இல் சட்டம் போட்டே அங்கே தடுத்துவிட்டார்கள். ஆண் பெண் என்ற பதிவில் அடங்காதவர்களுக்காக, மகன் மகள் இரண்டையும் சொல்லாமல் பொதுவாகப் பிள்ளை என்று மட்டும் சொல்லும் ஒரு விகுதியை 2019இல் சட்டத்தில் சேர்த்தார்கள். பழைய வழக்கத்தையும் விடவில்லை, அதில் இடம் இல்லாதவர்களுக்கும் இடம் செய்துகொடுத்தார்கள். பெயர் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாடு அது.

எத்தியோப்பியாவிலும் இதே முறைதான். சொந்தப் பெயர், அப்பா பெயர், தேவைப்பட்டால் தாத்தா பெயர். பிரதமர் அபி அகமதை 'பிரதமர் அபி' என்று சொல்வதுதான் சரி. அகமது அவருடைய அப்பா. அங்கிருந்து ஒரு பொறியாளர் மனைவி பிள்ளைகளோடு ஐரோப்பாவுக்கு மாற்றலாகிப் போனபோது, கணவர் மனைவி பெயர்கள் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி வீட்டு வாடகை ஒப்பந்தத்திலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை ஒவ்வொரு இடத்திலும் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். அவருக்காக நான் எழுதிக்கொடுத்த விளக்கக் கடிதத்தை அப்புறம் நாங்கள் ஒரு மாதிரிப் படிவமாகவே வைத்துக்கொண்டோம். தமிழர்கள் சிலருக்கும் அது பயன்பட்டது.

ஸ்பெயினில் சிக்கல் நேர் எதிரானது. அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். ஒன்று அப்பாவிடமிருந்து, இன்னொன்று அம்மாவிடமிருந்து. பெண்கள் திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றுவதில்லை. அப்பா வழிப் பெயர் முன்னால், அம்மா வழிப் பெயர் பின்னால் என்பது நீண்ட நாள் வழக்கம். பெற்றோர் விரும்பினால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்று 1999இல் சட்டம் வந்தது. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் அம்மா பெயர் முன்னால், அப்பா பெயர் கடைசியில். எங்கள் மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. இரண்டு குடும்பப் பெயர்கள் வந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். மாட்ரிட்டில் ஒருவருக்குச் சம்பளம் போகாமல் திரும்பி வந்தது. வங்கியில் இருந்த பெயரும் நாங்கள் அனுப்பிய பெயரும் பொருந்தவில்லை, இரண்டில் ஒரு பெயரை எங்கள் கணினி வெட்டிவிட்டிருந்தது. மாதக் கடைசியில் சம்பளம் வராவிட்டால் என்ன ஆகும் என்று மாதச் சம்பளக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரோடு போனில் பேசியபோது, பணத்தைவிட வெட்டுப்பட்ட பெயர் அம்மாவுடையது என்பதுதான் அவருக்கு வருத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த இரண்டு கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மதிய உணவு இடைவேளைகளில் படித்தது, வீட்டில் படித்தது எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. குடும்பப் பெயர் வழிவழியாகத் தானாக வந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உலகத்தின் பெரும்பகுதியில் அது ஓர் அரசாங்கம் ஆட்களை எண்ணத் தொடங்கிய நாளில் வந்தது. வரி வாங்க, படைக்கு ஆள் எடுக்க, சொத்தைப் பதிய, ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. நான் பார்க்கும் வேலையை, கணினி இல்லாமல், அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1066இல் நார்மன்கள் வந்த பிறகு நிலம் வைத்திருந்தவர்கள் முதலில் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சாதாரண மக்களிடம் அது மெல்ல மெல்லப் பரவி, 1400 வாக்கில் பெரும்பாலோருக்கு வந்துவிட்டது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி விதித்தபோது ஊர் ஊராக ஆட்களின் பெயர்களை எழுதினார்கள். ஊரில் பத்து ஜான் இருந்தால், இரும்படிக்கும் ஜான், தையற்கார ஜான், குன்றின் பக்கத்து ஜான், குட்டையான ஜான் என்றுதானே எழுத முடியும். ஸ்மித், டெய்லர், ஹில், ஷார்ட் எல்லாம் அப்படி வந்தவை. மகன் இரும்படிக்காமல் ரொட்டி சுட்டாலும் பெயர் ஸ்மித்தாகவே நின்றுவிட்டது. வேல்ஸில் ஐஸ்லாந்து போலவே அப்பா பெயர், தாத்தா பெயர் என்று தொடர்ச்சியாகச் சொல்லும் வழக்கம் இருந்தது. மகன் என்று பொருள்படும் 'ஆப்' என்ற சொல் நடுவில் வரும். 16ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் இங்கிலாந்தின் சட்டத்துக்குள் வந்த பிறகு அந்தத் தொடர் சுருங்கிவிட்டது. ரீஸின் மகன், 'ஆப் ரீஸ்', பிரைஸ் ஆனார். ஹவலின் மகன், 'ஆப் ஹவல்', பவல் ஆனார்.

அயர்லாந்தில் நடந்தது இதைவிடக் கடுமையானது. 1465இல் போட்ட ஒரு சட்டம், ஆங்கிலேயரின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஓர் ஊரின் பெயர், ஒரு நிறம், ஒரு தொழில், ஒரு பதவி என எதிலிருந்து எடுக்கலாம் என்று பட்டியலும் கொடுத்தது. ஓ, மாக் என்று தொடங்கும் பெயர்கள் அந்த நெருக்கடியையும் அதற்குப் பின்னால் வந்தவற்றையும் தாண்டி இன்றைக்கும் இருக்கின்றன என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் விஷயம். டப்ளின் அலுவலகத்துப் பதிவுகளில் மேற்கோள்குறியோடு வரும் 'ஓ' பெயர்களை எங்கள் கணினி பிழை என்று தள்ளிவிடும்போதெல்லாம் நான் விடாமல் புகார் போட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்நூறு ஆண்டுகள் தாண்டி வந்த பெயர் ஒரு மென்பொருள் குறையால் உடையக் கூடாது.

இரும்படிக்கிறவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஐரோப்பா முழுவதற்குமான பட்டியலைச் சரிபார்க்கும்போது கவனித்தது இது. இங்கிலாந்தின் ஸ்மித், ஜெர்மனியின் ஷ்மிட், ஹங்கேரியின் கோவாச், போலந்தின் கோவால்ஸ்கி, ரஷ்யாவின் குஸ்நெட்சோவ், பிரான்சின் லெஃபெவ்ர், இத்தாலியின் ஃபெராரி, அரபு நாடுகளின் ஹதாத் எல்லாம் கொல்லுப் பட்டறையிலிருந்து வந்த பெயர்கள். ஊருக்கு ஒரு கொல்லர் கட்டாயம் இருந்தார், ஆனால் ஒருவர்தான் இருந்தார், அதனால் அவரை அந்தத் தொழிலை வைத்தே அடையாளம் சொல்ல முடிந்தது. உழுகிறவர்கள் ஊர் நிறைய இருந்தார்கள். எல்லோரும் உழும் ஊரில் 'உழவர்' என்று சொன்னால் யாரைப் பிரித்துக் காட்ட முடியும்? அந்தத் தேசங்கள் ஒன்றோடொன்று எத்தனை போர் நடத்தியிருக்கின்றன! சம்பளப் பட்டியலில் அவர்கள் எல்லோரும் ஒரே தொழிலாளியின் பேரப்பிள்ளைகளாக வரிசையில் நிற்கிறார்கள்.

ஸ்வீடனில் படைவீரர் பெயர் என்று ஒரு வகை உண்டு. ஒரே படைப்பிரிவில் ஆண்டர்ஸ் ஆண்டர்சன்கள் பலர் இருந்தால் கட்டளை கொடுப்பது எப்படி? அதனால் படையில் சேர்ந்தவருக்குச் சுருக்கமாக ஒரு பெயர் கொடுத்தார்கள். ரஸ்க் என்றால் சுறுசுறுப்பானவர், மோடிக் என்றால் தைரியசாலி, ஸ்வேர்ட் என்றால் வாள். ஒருவர் போய் அடுத்தவர், படைவீரருக்கென்று ஒதுக்கியிருந்த அதே குடிசைக்கும் நிலத்துக்கும் வந்தால், பல நேரம் அதே பெயரும் அவருக்கு வந்துவிடும். ரத்த உறவே இல்லாதவர்கள் ஒரே பெயரைச் சுமந்தார்கள்.

ஒரே உத்தரவில் ஒரு நாட்டுக்கே பெயர் வைத்த கதைகள் எனக்கு இன்னும் ஆச்சரியம் தருபவை. பிலிப்பைன்ஸை ஸ்பெயின் ஆண்டபோது, ஆளுநர் நார்சிசோ கிளவேரியா 1849 நவம்பர் 21 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். மக்கள் பலரும் புனிதர்களின் பெயர்களையே வைத்துக்கொண்டதால் யார் எந்தக் குடும்பம் என்று வரி வாங்குபவர்களுக்குத் தெரியவில்லை. அகரவரிசையில் பெயர்கள் அச்சிட்ட ஒரு பட்டியல் புத்தகம் தயாராகி, அதன் பக்கங்கள் மாகாணங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. ஓர் ஊருக்குப் போன பக்கத்தில் என்ன எழுத்து இருந்ததோ அந்த எழுத்தில்தான் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெயர். அல்பாய் மாகாணத்தில் உள்ள ஓவாஸ் ஊரில் 'ர' ஓசையில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் நிறைந்திருப்பது அதனால்தான். மணிலா அலுவலகத்தில் என்னோடு அடிக்கடி பேசும் ஓர் அம்மா, "எங்கள் பக்கத்தில் பெயரைக் கேட்டால் ஊரைச் சொல்லிவிடுவார்கள்" என்று பெருமையாகச் சொன்னார். யாரோ அதிகாரி கிழித்துக் கொடுத்த பக்கத்தையும் தங்கள் ஊரின் அடையாளமாக ஆக்கிக்கொள்ள மக்களால் முடிந்திருக்கிறது.

ஜப்பானில் சாமானியர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள 1870இல்தான் அனுமதி கிடைத்தது. பலர் அதைக் கண்டுகொள்ளவில்லை. கட்டாயப் படைச் சேவைக்குப் பதிவேடு வேண்டியிருந்ததால் 1875இல் கட்டாயமாக்கினார்கள். தாய்லாந்தில் மன்னர் வஜிராவுத் 1913இல் குடும்பப் பெயர்ச் சட்டம் கொண்டுவந்து, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைத் தாமே உருவாக்கிக் கொடுத்தார். உறவில்லாத இரண்டு குடும்பங்களுக்கு ஒரே பெயர் இருக்கக் கூடாது என்பதால் அங்கே புதிய பெயர்கள் நீண்டுகொண்டே போயின. ஆனாலும் தாய்லாந்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

துருக்கியில் 1934இல் சட்டம் வந்தது. முஸ்தஃபா கெமாலுக்கு நாடாளுமன்றம் 'அத்தாதுர்க்' என்ற பெயரை அளித்து, வேறு யாரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. இஸ்மெத் பாஷாவுக்கு அவர் வென்ற போர்க்களத்தின் பெயரான இனோனு குடும்பப் பெயரானது. மற்றவர்கள் இரும்பு, மலை, அஞ்சாதவர் என்றெல்லாம் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேற்று இனங்களைக் குறிக்கும் பெயர்களுக்கு அதில் இடம் இல்லை. ஆர்மீனியர்களின் 'யான்', கிரேக்கர்களின் 'புலோஸ்' போன்ற விகுதிகளோடு புதுப் பெயர் பதிய முடியவில்லை. குர்து மக்கள் துருக்கியப் பெயர்களோடு பதிவானார்கள். ஒரு பதிவேடு மனிதரைக் கணக்கில் சேர்க்கும்போதே அவருடைய இனத்தைக் கணக்கிலிருந்து நீக்கவும் முடியும் என்பதை அங்கே பார்க்கலாம்.

கிழக்காசியப் பெயர்களில் எங்களுக்கு வேறு விதமான சிரமம். சீனாவில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். வாங், லி, ஜாங் என்ற மூன்று பெயர்களில் ஐந்தில் ஒருவர் அடங்கிவிடுவார். கொரியாவில் 2015 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் கிம். அந்தக் கிம்களையும் எந்த ஊரின் கிம் என்று கேட்பார்கள். கிம்ஹே ஊர்க் கிம் வேறு, கியோங்ஜு ஊர்க் கிம் வேறு. ஒரே பெயர், ஒரே பூர்வீக ஊர் என்றால் திருமணம் கூடாது என்ற சட்டத்தை 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்க மறுத்து, 2005இல் அது மாற்றப்பட்டது. கொங்கு நாட்டில் கூட்டம் பார்க்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை.

வியட்நாமில் நுயென் என்ற பெயர் பத்தில் நான்கு பேர் வரைக்கும் இருக்கிறது. அரச வம்சம் மாறும்போதெல்லாம் மக்களின் பெயரும் மாறியிருக்கிறது. 1232இல் ட்ரான் வம்சம், தனக்கு முன் ஆண்ட லீ வம்சத்தாரை நுயென் என்று மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. 1802 முதல் 1945 வரை ஆண்ட கடைசி வம்சமும் நுயென். ஹோ சி மின் நகரக் கிளையில் ஆட்கள் சேர்ந்தபோது, லாஸ்ட் நேமை வைத்து ஈமெயில் உருவாக்கும் எங்கள் கணினி நுயென்1, நுயென்2 என்று போட்டுக்கொண்டே போனது. நாங்கள் கையால் மாற்றினோம். அவர்கள் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் சொந்தப் பெயரால்தான் அழைப்பார்கள். மனிதருக்கு எண் போடுவது எனக்குச் சகிக்கவில்லை. கையால் மாற்றும் அந்த வேலை கூடுதல் நேரம் பிடித்தது, ஆனாலும் குழுவில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

பெயரே இல்லாமல் எண்ணப்பட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். அதில் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. உடைமையாளரின் பெயர் மட்டும் இருக்கும். விடுதலைக்குப் பிறகு 1870 கணக்கெடுப்பில்தான் லட்சக்கணக்கானவர்களின் பெயர் முதன்முதலாக அரசாங்க ஏட்டில் ஏறியது. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன், பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கவனித்து, தன் முறை வந்ததும் 'புக்கர் வாஷிங்டன்' என்று சொல்லியிருக்கிறார். 2000 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். மால்கம் எக்ஸ் வேறு முடிவெடுத்தார். அடிமை முதலாளி தந்த பெயரை உதறிவிட்டு, தெரியாமல் போன ஆப்பிரிக்கப் பெயரின் இடத்தில் ஓர் எக்ஸ் போட்டுக்கொண்டார். இரண்டு முடிவுகளும் எனக்கு ஒரே அளவு மரியாதைக்குரியவை. புதிய ஊழியர் படிவத்தைப் பார்க்கும்போது, அந்தப் பையன் தன் முறைக்காகக் காத்திருந்த அந்தச் சில நிமிடங்கள் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

மங்கோலியாவில் 1920களில் குலப்பெயர்களைத் தடை செய்தார்கள். 1990களில் மறுபடி பெயர் எடுத்துக்கொள்ளச் சொன்னபோது பலருக்குத் தங்கள் குலம் எது என்றே மறந்துபோயிருந்தது. செங்கிஸ்கானின் குலமான போர்ஜிகின்னை ஏராளமானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1981இல் விண்வெளிக்குப் போய்வந்த குர்ரக்சா, பிரபஞ்சம் என்று பொருள்படும் 'சன்சார்' என்பதைத் தன் குடும்பப் பெயராக்கிக்கொண்டார். தானே பெயர் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தால் மனிதர் எவ்வளவு அழகாகத் தேர்ந்தெடுக்கிறார்!

எங்களுக்கு வரும் பெயர் மாற்றக் கோரிக்கைகளில் பெரும்பங்கு பெண்களுடையது. திருமணம், மணமுறிவு, மறுமணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். ஜப்பானில் கணவன் மனைவி ஒரே குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்கிறது சிவில் சட்டத்தின் 750ஆம் பிரிவு. யார் பெயர் என்பது அவர்கள் விருப்பம் என்று எழுதியிருந்தாலும் நூற்றுக்குச் சுமார் 95 இடங்களில் மாறுவது மனைவியின் பெயர்தான். 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றே சொன்னது. கனடாவின் கியூபெக்கில் 1981 முதல், கிரீஸில் 1983 முதல், பெண்கள் பிறந்த பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்குத் தானாகவே அப்பா பெயர் வருவது அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று 2022இல் இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊரில் கல்யாணமானதும் அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வருவதை எல்லோரும் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். நான் மாற்றவில்லை. கணவரும் கேட்கவில்லை. பட்டம், வேலை, வங்கிக் கணக்கு எல்லாம் வாங்கியது அந்த இனிஷியலோடுதான். இப்போது அம்மா, அப்பா இருவரின் முதலெழுத்தையும் பிள்ளைகளுக்கு வைப்பவர்களைப் பார்க்கிறேன். என் மகளுக்கும் அப்படித்தான்.

வட இந்தியாவிலிருந்து புதிதாக வருகிற சக ஊழியர்கள் எங்களிடம் கேட்பது, "உங்களுக்கு ஏன் சர்நேம் இல்லை?" நான் நேராகவே பதில் சொல்வேன். எங்கள் பெயர்களுக்குப் பின்னாலும் முதலியார், பிள்ளை, நாயுடு, செட்டியார் என்று சாதிப் பட்டங்கள் இருந்தன. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அவற்றைப் பெயரிலிருந்து விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள். அதற்கு முன்னால் நின்றவர்களே தங்கள் பட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். சாதி அதனால் ஒழிந்துவிடவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரின் கையெழுத்தைப் பார்த்தவுடன் அவர் எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ளும் வசதி போனது. வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று பதிவேட்டு வேலை பார்க்கிற எனக்குத் தெரியும். பிறந்த குலத்தைப் பெயரில் காட்டாமல் இருக்கும் இந்த வழக்கத்தை நான் நம் மக்கள் செய்த பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

கடல் தாண்டிப் போன தமிழர்களின் பெயர்கள் வேறு வழியில் போயின. தென்னாப்பிரிக்காவுக்கு 1860 முதல் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழியில் வந்தவர்களுக்கு இன்றைக்கு கோவெண்டர், மூட்லி, நாயுடூ, படையாச்சி என்பவை குடும்பப் பெயர்கள். கவுண்டரும் முதலியும் அங்கே குமாஸ்தாவின் காதில் விழுந்த மாதிரி எழுதப்பட்டு அப்படியே நிலைத்துவிட்டார்கள். இங்கே நாம் விட்டது அங்கே நின்றது. ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் எங்களோடு வேலை பார்க்கிற ஒரு கோவெண்டருக்கு அது கப்பலில் வந்த பூட்டனின் நினைவு. அதை நான் குறையாகப் பேச மாட்டேன். பிரெஞ்சுத் தீவுகளான ரீயூனியனிலும் குவாதலூப்பிலும் ராமசாமி, முத்துசாமி என்ற தனிமனிதர்களின் பெயர்களே உறைந்து குடும்பப் பெயர்களாகிவிட்டன. மலேசியாவில் 'அனாக் லெலாக்கி', அதாவது மகன் என்பதன் சுருக்கத்தை நடுவில் போட்டு அப்பா பெயரை எழுதுகிறார்கள். மகளுக்கு 'அனாக் பெரெம்புவான்'. அது நம் முறைக்கு மிக நெருக்கம்.

புதுச்சேரியில் 1881இல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. தங்கள் சமூக வழக்குச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு வருகிறவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்துக்குள் காலணியோடு போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ்வரை போராடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, 'லபோர்த்' என்ற பெயரை எடுத்தார். பிரெஞ்சில் கதவு என்று பொருள். எந்தக் கதவு என்பது அவர் வாழ்க்கையைப் படித்தால் புரியும்.

இனி நடைமுறை விஷயம். வெளிநாடு போகிற தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கம் முன்னால் வந்து உட்காரும். அப்புறம் ஓட்டுநர் உரிமம், வங்கி எல்லாவற்றிலும் அது தொடரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்து, பிறகு உள்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. சுகர்ணோ, சுகார்த்தோ என்று ஒற்றைப் பெயர்த் தலைவர்கள் ஆண்ட இந்தோனேசியாவே 2022இல், புதிதாகப் பதிவு செய்யும் பெயரில் குறைந்தது இரண்டு சொற்கள் இருக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு இருப்பது 39 இடங்கள், நடுவில் இரண்டு கோணக்குறிகள் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும். உலகம் முழுவதும் அந்த 39 இடங்களுக்கு ஏற்ப வளைந்துகொண்டிருக்கிறது. அதனால் பிள்ளைகளிடம் நான் சொல்வது: இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ சர்நேம் இடத்தில் முழுதாக எழுதுங்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்கட்டும். சாதிப் பெயரைத் தேடி எடுத்து ஒட்டாதீர்கள்.

எங்கள் படிவமும் சென்ற ஆண்டு மாறியது. எங்கள் குழு நீண்ட நாள் கேட்டதன் பலன். இப்போது முதல் கட்டத்தில், அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர். இரண்டாவது கட்டத்தில், உங்களை எப்படி அழைக்க வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டம் மூன்றாவதாக இருக்கிறது, ஆனால் அதன் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இல்லை. வங்கிக்கு முழுப்பெயர் போகிறது, ஈமெயில் இரண்டாவது கட்டத்திலிருந்து உருவாகிறது. சம்பளம் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. வரி அலுவலகத்துக்கு அனுப்பும் கோப்பு மட்டும் இன்னும் பழைய இரண்டு கட்டங்களைத்தான் கேட்கிறது, அதற்கான கோரிக்கையை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.